இருக்காளா என்று கேட்பவர்கள்

கதிரேசா,

நேற்று போனில் பேசும்போது என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். சளி என்று சொல்லிவிட்டேன். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை, பயம். அதைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை. இத்தனை வருஷம் டெலிபோன் பூத்தில் உட்கார்ந்து ஊரார் பேசுவதைக் கேட்டவளுக்கு, போனில் எதையும் முழுசாகச் சொல்லி முடிக்க முடியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். எதிர்முனையில் இருப்பவர் நடுவில் ஒரு ‘சரிம்மா’ போட்டால் போதும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகும். நீ சரிம்மா போடுவதில் மன்னன். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். நீ வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். உன்னோடு உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிற பிள்ளைகளில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படிக்கக் கொடு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கொடு, அது உனக்கு மட்டும்.

உன் வேலை என்ன என்று தெருவில் யாராவது கேட்டால், முன்பெல்லாம் ‘கம்ப்யூட்டர்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வேன். போன தீபாவளிக்கு வந்தபோதுதான் நீ அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாய். முறுக்கு மாவு கையில் ஒட்டியிருக்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன். “எம்மா, ஒருத்தருக்குப் போன் போடுதோம். அவிய பேசுத நெலமையில இருக்காவளா இல்லையான்னு தெரியாமலேதான போடுதோம்? இனிமே போடுததுக்கு முன்னாலயே தெரிஞ்சிரும். பேருக்குப் பக்கத்துல பச்சை எரிஞ்சா ஆளு இருக்காவ. மஞ்சள்னா வேலையா இருக்காவ. சாம்பல்னா இல்ல” என்றாய். அதை யார் போய்ப் பார்த்துச் சொல்லுவார் என்று கேட்டேன். போனே சொல்லும் என்றாய். ஒவ்வொரு கம்பெனி போனும் ஒவ்வொரு பாஷை பேசுகிறது, எல்லாப் போனும் ஒரே ஒழுங்கில் கேட்டு ஒரே ஒழுங்கில் பதில் சொல்ல ஒரு விதிமுறை வேண்டும், அதற்குப் புரோட்டோகால் என்று பெயர், அதை எழுதுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன் என்று சொல்லும்போது உன் முகம் இருந்த இருப்பை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஆள் இருக்கிறாரா இல்லையா, கூப்பிட்டால் வருவாரா மாட்டாரா, இவ்வளவுதானே, இதைத்தானே நான் பூத்தில் செய்துகொண்டிருந்தேன் என்று சொன்னேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது.

உன் கூட்டாளிகளுக்குப் பி.பி. நம்பர் என்றால் தெரியுமோ தெரியாதோ. வீட்டில் போன் இல்லாத காலத்தில் கல்யாணப் பத்திரிகையிலும் கடை அட்டையிலும் நம் பூத் நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்துக்கொள்வார்கள். நம்பர் நம்முடையது, பேசப் போகிற ஆள் நாலு வீடு தள்ளி இருப்பார். பம்பாயிலிருந்து, சிவகாசியிலிருந்து, துபாயிலிருந்து கூப்பிட்டு இன்னாரைக் கூப்பிடுங்கள் என்பார்கள். நான் ஒருநாளும் ‘இருக்காவ’ என்று உடனே சொன்னதில்லை. “பாத்துட்டுச் சொல்லுதேன், பத்து நிமிஷம் கழிச்சுப் போடுங்க” என்று வைத்துவிடுவேன். ஆள் என் கண் முன்னால் கலர் சோடா குடித்துக்கொண்டு நின்றாலும் அதே பதில்தான். பத்து நிமிஷத்தில் அவரிடம் கேட்பேன். பேசுகிறேன் என்றால் பேசுவார். இல்லையென்றால் கையை ஆட்டுவார். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை அண்ணாச்சி ஒருத்தர் இருந்தாரே, அவருடைய மச்சினர் கூப்பிட்டால் போதும், கல்லாவுக்குக் கீழே குனிந்தே உட்கார்ந்துகொள்வார். “அண்ணாச்சி இப்பதான கயத்தாறு பஸ்ஸுல ஏறுனாவ” என்று நான் போனில் சொல்லச் சொல்ல, கீழே இருந்து இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லும்படி சாடை காட்டுவார். இப்படிப் பொய் சொல்லியே பொழுது போனது. அது பொய் என்று எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை.

ஆனால் சிரிக்க முடியாத அழைப்புகளும் வந்தன. நம் தெருவில் வாடகைக்கு இருந்துகொண்டு தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தங்கம் என்ற பெண்ணை ஒருவன் கேட்டுக்கொண்டே இருந்தான். தாய்மாமன். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நின்றான், அதனால்தான் அவள் ஊரைவிட்டே வந்துவிட்டாள். “தங்கம் இருக்காளா?” என்பான். கூப்பிடட்டுமா, பேசணுமா என்று கேட்டால், “பேச வேண்டாம், இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க” என்பான். குரலில் ஒரு கோபம் கிடையாது. அத்தனை மரியாதையாகக் கேட்பான். எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. போன் போடுகிறவர்களில் பேசுவதற்காகக் கேட்கிறவர்கள் ஒரு வகை. இருக்கிறாளா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்கிறவர்கள் வேறு வகை. இரண்டாவது வகை ஆளுக்கு நாம் ‘ஆமா’ என்று சொல்கிற ஒரு வார்த்தை போதும், மீதியை அவன் பார்த்துக்கொள்வான். எந்தத் தங்கம், நம்ம தெருவில் அப்படி யாரும் இல்லையே என்று சொல்லிச் சொல்லி அவனை அலுக்க வைத்தேன். கொஞ்ச நாளில் அவன் அழைப்பு நின்றது. தங்கம் பிறகு திருப்பூர் போய் நல்லபடியாக இருக்கிறாள். நீ எழுதுகிற விதிமுறையில் அந்தத் தாய்மாமன் பேசவே வேண்டாம், கேட்கவும் வேண்டாம். அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்று தீபாவளியன்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன்.

நீ கொண்டுவந்த கலர் போன்களைப் பார்த்து வீடே மலர்ந்துவிட்டது. எனக்கு ஒன்று, உன் அக்கா செல்விக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. “நம்ம குடும்பத்தை வச்சே சோதனை பண்ணிக்கிடுதேன்” என்று நீயே எல்லாருடைய பெயரையும் எல்லார் போனிலும் ஏற்றிக் கொடுத்தாய். மாப்பிள்ளை அன்றைக்கு உன்னை ‘எம் மச்சினன், எம் மச்சினன்’ என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிற மனிதருக்கு இப்படி ஒரு பெருமை. பெயருக்குக் கீழே, போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறதோ அந்த ஊர்ப்பெயரும் சின்ன எழுத்தில் வரும்படி நீ வைத்திருந்தாய். அது யாரும் கேட்காமலே நீயாகச் செய்து கொடுத்த அலங்காரம். எனக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது. உலை வைத்துவிட்டு ஒருமுறை பார்ப்பேன், செல்வி பச்சை, விளாத்திகுளம். பூத்திலேயே இப்போது போட்டிருக்கிற ரீசார்ஜ் கடையைத் திறந்துவிட்டு ஒருமுறை பார்ப்பேன், நீ மஞ்சள், பெங்களூர். பிள்ளைகள் இரண்டு பேரும் கைக்குள் இருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருப்பேன். ஒரு வார்த்தை பேசாமலே நாள் முழுக்க உங்களோடு இருந்தமாதிரி இருக்கும்.

தை பிறந்த பிறகு செல்வி ஒரு வாரம் வந்து தங்கினாள். போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. குளிக்கப் போகும்போதும் பாலிதீன் பையில் சுற்றி எடுத்துப் போனாள். “ஏட்டி, குளிக்கப் போவும்போதுமா போனு?” என்று கேலி செய்தேன். “பச்சை அணைஞ்சா கேப்பாவ எம்மா” என்றாள். கேட்டால் குளித்தேன் என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன். அவள் கொடியில் கிடந்த துணியை எடுக்கத் திரும்பிக்கொண்டாள். அன்றைக்குச் சாயந்தரம்தான் கையை மடக்கிக் காட்டினாள். தோளுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் ஒருநாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் அடுப்படியில் நின்றிருக்கிறாள். அவளுடைய பெயருக்குக் கீழே போன் பக்கத்து ஊரான குளத்தூர் என்று காட்டியிருக்கிறது. மாப்பிள்ளை கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, “நீ எதுக்குட்டி குளத்தூர் போன, யாரைப் பாக்கப் போன?” என்று கேட்டு அடித்திருக்கிறார். போகவில்லை என்று சொன்னதற்கு இன்னும் அடி. போன் பொய் சொல்லுமா என்பது அவருடைய வாதம்.

அந்த வாரம் உன்னிடம் போனில் கேட்டேனே, ஒரு ஊரில் இருந்தால் பக்கத்து ஊர் பெயர் காட்டுமா என்று, நினைவிருக்கிறதா? எதற்குக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை. செல்வி சொல்லக் கூடாது என்று கெஞ்சியிருந்தாள். நீ உற்சாகமாக விளக்கினாய். “நம்ம கரிசக்காடு பூரா சமதரைலாம்மா, மலையும் இல்ல ஒண்ணும் இல்ல. டவர் சிக்னல் எங்கயோ கெடந்து இங்கன வந்து விழும். காத்தடிச்சா மாறும், கூட்டம் கூடுனா மாறும். அதெல்லாம் சின்ன விஷயம், அடுத்த தடவ சரி பண்ணிருவோம்” என்றாய். உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, ஐயா. உனக்கு அது சின்ன விஷயமாகத்தான் இருந்திருக்கும். நான் ரிசீவரை வைத்துவிட்டு, அந்தச் சின்ன விஷயம் கன்றிக் கிடந்த கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டேன்.

பங்குனியில் அவள் ஒரேயடியாக வந்துவிட்டாள். நம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. உன் அப்பா, “மாப்பிள்ளை மனசு வருத்தப்படும்படி நடக்காத, நாலு நாள் கழிச்சு நானே கொண்டு விடுதேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் கயத்தாறில் அவளோடு படித்த சிநேகிதி வீட்டில் கொண்டு விட்டேன். போனைத் தூக்கிக் கிணற்றில் போடுகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். மாப்பிள்ளையின் பெயரை மட்டும் எடுத்துவிடு, எனக்கு நீ இருக்கிறாய் என்று தெரிய வேண்டும், அந்தப் பச்சை இல்லாமல் எனக்கு ஒரு கவளம் இறங்காது என்றேன். பிள்ளைமேல் இருக்கிற ஆசையில் சொன்னேன். இப்போது யோசித்தால், அந்த மனிதரும் நானும் ஒரே பச்சையைத்தான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பார்த்ததற்குப் பெயர் சந்தேகம், நான் பார்த்ததற்குப் பெயர் பாசம். செல்விக்கு இரண்டும் கயிறுதான்.

நான் அவளைப் பார்க்கப் போயிருந்த அன்று அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போன் கட்டிலில் கிடந்தது, என் கைக்கு எட்டும் தூரத்தில். கீச்சென்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் அவள் அழித்திருந்த மாப்பிள்ளையின் பெயர், பக்கத்தில் அவருடைய சின்னப் படம், இவர் உங்களைப் பார்க்க விரும்புகிறார், சம்மதமா மறுப்பா என்று ஒரு கேள்வி. பூத்தில் அத்தனை வருஷம் ஒருத்தருக்கும் உடனே ஆமா சொல்லாதவள், பத்து நிமிஷம் கழித்துப் போடுங்கள் என்று பழகினவள், அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? சம்மதத்தை அழுத்தினேன். யோசித்து அழுத்தவில்லை. கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை வாசலில் வந்து நின்று வரலாமா என்று கேட்டால் வீட்டுப் பெரியவள் வாங்க மாப்ளே என்றுதானே சொல்ல வேண்டும். அது மூளைக்குப் போவதற்கு முன்னால் விரலுக்குப் போய்விட்டது. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டுகூட இருப்பேன், யார் கண்டது. செல்வி இறங்கி வந்து போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “எம்மா, என்ன காரியம் பண்ணிட்ட” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் அவருடைய போனில் பச்சையும் எரிந்திருக்கும், கயத்தாறு என்ற பெயரும் விழுந்திருக்கும்.

சாயந்தரத்துக்குள் வந்துவிட்டார். ஹைவேயில் லாரிகள் நிற்கிற இடத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஊருக்குள் போகிற வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வீடு என்று தெரியாது, ஊர் மட்டும்தான் தெரியும். ஆனாலும் எழுந்து போகவில்லை. கடைக்குப் பால் வாங்கப் போவதுபோல் நான் முக்காடு போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாலை வாங்காமலே திரும்பினேன். சிநேகிதியின் வீட்டுக்காரர் பின்பக்கமாகக் காட்டுவழியில் செல்வியைக் கூட்டிப்போய் வேறு ரோட்டில் பஸ் ஏற்றிவிட்டார். கருவேலம் முள் கிழித்த காலோடு அவள் பஸ்ஸில் ஏறினாளாம். போகிற வழியில் மாப்பிள்ளையின் பெயருக்கு மறுப்பு அழுத்திவிட்டு, போனை அணைத்திருக்கிறாள். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தோம்.

மறுநாள் காலை அவர் நம் கடைக்கு வந்தார். “வாங்க மாப்ளே” என்றேன். “அத்தை, எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க” என்று போனை என் முன்னால் நீட்டினார். உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அவருக்கும் எனக்கும் தெரியும் நான் படிப்பேன் என்று. படித்துச் சொன்னேன். “எம் பொண்டாட்டி எனக்கு மறுப்பு போடுதா” என்று மெதுவாகச் சொன்னார். சத்தம் போடவில்லை. ரீசார்ஜ் கார்டு வைத்திருக்கிற கண்ணாடி மேஜைமேல் போனைக் குப்புற வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி விரிசல்விடுகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. பிறகு வாரேன் அத்தை என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் பைக் சத்தம் கேட்டால் கல்லாவைப் பிடித்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் அரைகுறையாக உன்னிடம் சொன்னபோது, “எம்மா, இது மெஷின் குத்தம் இல்ல, ஆளு குத்தம்” என்றாய். சரிதான். ஆனால் அந்த ஆளுக்குக் கண்ணை நீ கொடுத்தாய், கதவை நான் திறந்துவிட்டேன். நம் இரண்டு பேர் மனதிலும் கெட்டது ஒன்றும் இல்லை, அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருக்கிறது. இதற்கெல்லாம் நான் வழி சொல்லத் தெரிந்தவள் இல்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கு அழுத்தியிருக்க மாட்டேன். இருந்தாலும் கேட்கிறேன், நீயும் உன் கூட்டாளிகளும் உட்கார்ந்து யோசியுங்கள். மறுத்தவளை மறுத்தவள் என்று ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்? தங்கத்தின் மாமனிடம் நான் ‘அவளுக்கு உம்மோட பேச இஷ்டமில்ல’ என்று சொல்லியிருந்தால் அவன் மறு பஸ்ஸில் வந்திருப்பான். இல்லை என்று சொன்னதால்தான் வராமல் இருந்தான். அதேமாதிரி ஒருத்தருக்கு மட்டும் சாம்பலாகவே தெரியும்படி வையேன். போன் அணைந்து கிடக்கிறது, சிக்னல் இல்லை, ஆள் தூங்குகிறாள், என்னவாவது நினைத்துக்கொள்ளட்டும். நீ அன்றைக்கு, “அது பொய் சொல்லுத மாதிரி ஆயிரும்மா, விதிமுறையில பொய்யை எப்படி எழுத?” என்று கேட்டாய். எழுது, ஐயா. தாராளமாக எழுது. அந்தப் பொய்யில் எத்தனையோ பெண்கள் பிழைத்துக் கிடப்பார்கள். ஊர்ப்பெயரை, போன் வைத்திருக்கிறவளே கேட்டு வாங்கினால் ஒழிய நீயாகக் காட்டாதே. பயந்தவள் பட்டனைத் தேடி அணைக்க வேண்டும் என்று வைத்தால், பயத்தில் அவளுக்குப் பட்டன் கண்ணில் படாது.

மற்றவர்கள் படிக்க வேண்டியது இதோடு முடிந்தது. இனி எழுதுவது உனக்கு மட்டும்.

செல்வி எங்கே இருக்கிறாள் என்று நீ வாரா வாரம் கேட்கிறாய். நல்லா இருக்கிறாள், சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள். இதற்குமேல் சொல்ல மாட்டேன். உன் அப்பாவுக்கும் சொல்லவில்லை. அவளிடம் இப்போது அந்தப் போன் இல்லை, என் போனில் அவள் பெயர் சாம்பலாகத்தான் கிடக்கிறது. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரிகிற வழி ஒன்று உண்டு, சில நாள் அது தாமதமாகும். அந்த நாட்களில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஆனாலும் இப்படியே இருக்கட்டும். நான் பார்க்க முடியாத இடத்தில் அவள் இருந்தால்தான் அவரும் பார்க்க முடியாது. உனக்குச் சொல்லாமல் இருப்பது எனக்குச் சந்தோஷமா? கூடப் பிறந்தவன் நீ. ஆனால் மாப்பிள்ளை உன்னிடம் போனில் அழுதார் என்றும், “அத்தான் ரொம்ப மாறிட்டாவம்மா, நாமளும் கொஞ்சம் எறங்கி வரணும்” என்றும் நீ சொன்ன அன்றைக்கு, உன்னைக் கண்டும் எனக்குப் பயம் வந்துவிட்டது. உன் மனது இளகின மனது. அவர் இன்னும் ஒருதடவை அழுதால் உன்னால் தாங்க முடியாது. அவருடைய பெயரும் உன் போனில் இன்னும் இருக்கிறது. என்மேல் கோபம் வந்தால் வரட்டும். அதை வெளிநாட்டுக்குப் போய் வைத்துக்கொள்.

நேற்று என் குரல் ஏன் அப்படி இருந்தது என்று இப்போது சொல்கிறேன். நீ பேசுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மாப்பிள்ளை வந்துவிட்டுப் போனார். கையில் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய். “மச்சினன் வெளிநாடு போறாம்லா, போற எடத்துல இதெல்லாம் கெடைக்காது” என்று மேஜையில் வைத்தார். உன் பெயருக்குக் கீழே நீ எழுதிப் போட்டிருக்கிறாயே, சனிக்கிழமை கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறேன், எல்லாரையும் பார்த்துவிட்டுப் போக ஆசை என்று. அதைப் படித்திருக்கிறார். “ஸ்டேஷனுக்கு நானும் வாரேன் அத்தை. ஒத்தத் தம்பி இம்புட்டுத் தொலவு போறான், அவளும் வருவாள்ல?” என்று கேட்டார். அதே மரியாதையான குரல். வருவாளோ மாட்டாளோ, அவ எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாதே மாப்ளே என்றேன். சிரித்தார்.

செல்வி வர மாட்டாள். நான் சொன்ன அந்த வழியில் பேசும்போது, வருகிறேன் என்றுதான் நின்றாள். எதிர் பிளாட்பாரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, நீ ஏறுவதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன், பக்கத்தில்கூட வர மாட்டேன் என்று அழுதாள். நான்தான் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரு தாய் சொல்லக் கூடாத சொல் அது. சொன்னேன். உன் பெயருக்குக் கீழே இருக்கிற வரியை இப்போது அழித்துவிடாதே. அழித்தால் நாம் பேசிக்கொண்டோம் என்று அவருக்குத் தெரிந்துபோகும். அவர் வரட்டும். அத்தான் என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் பேசு, மிட்டாயை வாங்கிப் பையில் வை. நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். அவர் கூட்டத்தைப் பார்க்க மாட்டார், கதிரேசா. அவருக்குக் கூட்டத்தில் யாரையும் தேடத் தெரியாது, தேட வேண்டியதும் இல்லை. உன் முகத்தைத்தான் பார்ப்பார். நீ எந்தப் பக்கம் கண்ணைத் திருப்புகிறாயோ அந்தப் பக்கம் போவார். அவள் வர மாட்டாள் என்று உனக்கு இப்போது சொல்லிவிட்டேன்; ஆனாலும் ரயில் நகரும்போது உனக்கு அக்கா நினைப்பு வரும், ஒருவேளை வந்திருப்பாளோ என்று மனது அடித்துக்கொள்ளும். எனக்கும் அடித்துக்கொள்ளும். நான் சொல்லியும் கேட்காமல் அவள் ஒருவேளை வந்து நின்றுவிட்டாள் என்றால் என்ன செய்வது என்றுதான் நேற்றிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். அதனால் கேட்கிறேன். வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டுகிற வரைக்கும் என்னை மட்டும் பார்த்துக் கையாட்டு. எனக்குப் பின்னால் பார்க்காதே.

உன் அம்மா